ராத்திரியில் உயிர் போவதுபோல் வருகிறது, டாக்டரோ ஒன்றுமில்லை என்கிறார்: என்ன செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். வயது 41. கொஞ்ச காலமாக, வாரத்தில் சில இரவுகள், படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு அடைத்து, தூக்கிவாரிப்போட்டு எழுகிறீர்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வியர்க்கிறது, உயிர் போகப்போகிறது என்றே தோன்றுகிறது. எழுந்து உட்கார்ந்தால் மெதுவாகச் சரியாகிறது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான், டென்ஷன் ஆகாதீங்க" என்று வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். மறுபடி போனபோது முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. வீட்டிலும் நம்ப மறுக்கிறார்கள். இப்போது இருட்டினாலே பயம். கடைசியில், போகிற போக்கில், இன்னும் சிலவற்றை எழுதியிருக்கிறீர்கள்: பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இரண்டு வருடத்தில் எடை கூடிவிட்டது, மதியம் ஆபீஸில் கண் சொருகுகிறது, குறட்டை விடுவதாகக் கணவர் சொல்வார்.

அந்தக் கடைசி வரிகளை டாக்டரிடம் சொன்னீர்களா? பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவரும் கேட்டிருக்க மாட்டார்.

நான் டாக்டர் இல்லை. தூக்க ஆய்வகத்தில் டெக்னீஷியன். ராத்திரி முழுக்கப் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களின் மூச்சையும் இதயத்துடிப்பையும் மூளை அலைகளையும் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. அதனால் மருந்து சொல்ல மாட்டேன், உங்களுக்கு இன்னதுதான் என்று நோய்க்குப் பெயரும் வைக்க மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். டாக்டர் உங்களைப் பார்ப்பது பகலில், உட்கார்ந்த நிலையில், நன்றாக விழித்திருக்கும்போது. உங்களுக்குத் தொல்லை வருவது இரவில், படுத்த நிலையில், தூக்கத்தில். அவர் எடுத்த ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடி இருக்கிறது. "ஈ.சி.ஜி. நார்மல்" என்றால் அந்த 10 விநாடியில் துடிப்பு ஒழுங்காக இருந்தது, அப்போது மாரடைப்புக்கான அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். ராத்திரி ஒரு மணிக்கு என்ன நடந்தது என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. டாக்டர் பொய் சொல்லவில்லை, நீங்களும் கற்பனை செய்யவில்லை. இருவரும் வேறு வேறு நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இனி உங்கள் வேலை, ராத்திரி நடப்பதைப் பகலில் அவர் மேஜைக்குக் கொண்டுபோவது.

அதற்கு முன்னால், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, சில நிமிடங்களில் அடங்காமல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பெரிய வலி இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், குளிர்ந்த வியர்வை என்றும் வரும். உட்கார்ந்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மயங்கி விழுந்தீர்கள், முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது, வலிப்பு வந்தது: இவை எதிலும் "போன தடவை ஒன்றுமில்லை என்றாரே" என்று யோசிக்க வேண்டாம். இலங்கையில் இருந்து படிப்பவர்களுக்கு எண் 1990. அப்புறம், உங்கள் ரத்த உறவில் யாராவது இளம் வயதில் தூக்கத்திலோ திடீரென்றோ இறந்திருந்தால், அதை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள சில குடும்பங்கள் உண்டு. 1992-ல் புருகாடா சகோதரர்கள் விவரித்த கோளாறு அதில் ஒன்று. ராத்திரியில்தான் அது அதிகம் வேலையைக் காட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குறட்டை, பிரஷர், கூடிய எடை, பகலில் கண் சொருகல், தூக்கத்தில் மூச்சடைத்து எழுவது. இதைப் படித்ததும் என் தொழிலில் இருக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்றுபோகும் நோய். தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளரும்போது தொண்டைத் தசைகளும் தளரும். சிலருக்கு அந்த வழி குறுகிக் குறட்டையாகும், சிலருக்கு முழுதாக மூடியே போகும். திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மூக்கில் வைத்த குழாயிலிருந்து வரும் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, சட்டென்று தட்டையாகிவிடும். ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட்கள் நிற்காது. மூச்சை இழுக்க உடம்பு போராடும், நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வரும். 10 விநாடி தாண்டினாலே அதைக் கணக்கில் எடுப்போம். 30, 40 விநாடி போவதும் சாதாரணம். ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்திலிருந்து 80-களுக்கு இறங்கும். அப்போது மூளை அலைகள் திடீரென்று குதிக்கும், ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும், நாடி 70-லிருந்து 100-க்கு மேல் பாயும். அட்ரினலின் சுரந்து உடம்பு முழுக்க அபாயச் சங்கு ஊதியிருக்கும்.

இதில் பெரும்பாலானவர்களுக்கு முழு விழிப்பு வராது, காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. சிலருக்கு மட்டும் சரியாக அந்தச் செருமலில் கண் விழிக்கும். அவர்களுக்குத் தெரிவதெல்லாம் படபடப்பும் வியர்வையும் மரண பயமும்தான். அதற்கு முன்னால் மூச்சு நின்றது தெரியாது. அதனால் டாக்டரிடம் போய் "நெஞ்சு படபடக்குது, பயமா இருக்கு" என்கிறார்கள். பயம் என்ற சொல் காதில் விழுந்ததும் சீட்டில் டென்ஷன் மாத்திரை ஏறிவிடுகிறது.

பெண்களுக்கு இது இன்னும் எளிதாகத் தவறிப்போகிறது. பெரிய தொப்பையும் தடித்த கழுத்துமாக, வீடே அதிரக் குறட்டை விடும் ஆண்தான் ஆப்னியா நோயாளி என்ற படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. பெண்களுக்குக் குறட்டை மெல்லியதாக இருக்கலாம். தூக்கம் கலைவது, காலைத் தலைவலி, நாள் முழுக்க அசதி, எரிச்சல் என்று வரும். அதைக் கேட்டதும் "வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, டென்ஷன், ரத்தம் கம்மி" என்று வரிசையாகக் காரணம் கிடைத்துவிடும். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்க நெருங்க இந்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டொரண்டோவில் பிரான்சஸ் சங் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 2008-ல் எட்டே கேள்வியில் ஒரு சல்லடை செய்தார்கள், ஸ்டாப்-பேங்க் என்று பெயர். சத்தமான குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிரஷர், உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். மூன்றுக்கு "ஆம்" என்றால் நடுத்தர வாய்ப்பு, ஐந்து என்றால் அதிக வாய்ப்பு. நீங்கள் எழுதியதை வைத்தே உங்களுக்கு மூன்று வருகிறது. மூச்சு நிற்பதைக் கணவர் பார்த்தால் நான்கு. இது நோய் இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. ஆனால் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்குத் தாராளமாகப் போதும்.

அடுத்த வாய்ப்பு, இரவில் வரும் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று பீடிக்கும் கடும் பீதி. டாக்டர் "டென்ஷன்" என்று சொன்னது இதுவாகவும் இருக்கலாம், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கனவு எதுவும் இல்லாமல், ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகிற நேரத்தில் இது பிடிக்கும். சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறும், விரல் நுனி மரக்கும், கை நடுங்கும், மறுபடி தூங்க நெடுநேரம் ஆகும். ஆப்னியாவில் மூச்சு அடைப்பு விழித்த சில விநாடிகளில் விட்டுவிடும், படபடப்பும் சீக்கிரம் அடங்கும், பலர் அப்படியே திரும்பித் தூங்கிவிடுவார்கள். பேனிக் வருகிறவர்களில் பலருக்குப் பகலிலும் வரும், கடையில், பஸ்ஸில், கூட்டத்தில். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பேனிக் என்பதும் ஒரு நோய், அதற்கும் முறையான சிகிச்சை இருக்கிறது. அப்படியிருக்க அதை "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இன்னொன்று இல்லை என்று கண்டிப்பாக உறுதிசெய்துகொள்ள வேண்டும்: இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்குவது. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டும் என்பது இதிலும் உண்டு. ஆனால் அரை நிமிடத்தில் விடாது. எழுந்து ஜன்னலோரம் போய்க் கால் மணி, அரை மணி உட்கார்ந்தால்தான் அடங்கும், இருமலும் சேரும். தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்றாகும், சாயங்காலம் கணுக்காலை அழுத்தினால் குழி விழும், மாடி ஏறினால் இளைக்கும். இதில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஈ.சி.ஜி. நார்மல் என்பது இங்கே போதாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், உங்களைப் போலவே பயந்துபோய் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். தொண்டையில் புளிப்பு ஏறி, சில விநாடி மூச்சு சுத்தமாக அடைத்து, உள்ளிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அது வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையை இறுகவைப்பது. அங்கே "கேஸ்" என்று சொன்ன டாக்டர் பாதி சரி. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இருமலும் வீசிங்கும் என்றால் ஆஸ்துமா. கண் விழித்திருக்கிறது, ஆனால் கை கால் அசையவில்லை, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் கட்டத்தில் உடம்பு அசையாதபடி மூளை போடும் பூட்டு, விழித்த பிறகும் சில விநாடி திறக்காமல் இருப்பதுதான் அது. அதுவாக ஆபத்து இல்லை. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது என்றால் காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியது. "பித்தம்" என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார்கள், ஈ.என்.டி. டாக்டர் தலையைச் சில நிலைகளில் திருப்பிவைத்தே பலருக்குச் சரிசெய்துவிடுவார். இன்சுலினோ கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் தொப்பலாக வியர்த்து எழுந்தால் உடனே சுகர் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நாக்கு கடிபட்டு, படுக்கை நனைந்து எழுந்தால் வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

சாப்பிடும் மருந்துகளையும் ஒருமுறை பாருங்கள். இளைப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் வகை மாத்திரையும் சல்பியூடமாலும் படபடப்பைத் தரும். பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் சிலருக்குக் கெட்ட கனவு தரும். ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் மாண்டிலுகாஸ்ட் மாத்திரைக்குத் தூக்கம், மனநிலை சார்ந்த பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலை எழுதிக்கொண்டு போனால் போதும்.

இனி ராத்திரியைப் பகலுக்குக் கொண்டுபோகும் வழி. முதலாவது, வீடியோ. கணவரிடம் சொல்லி, நீங்கள் தூங்கிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, குறட்டை கேட்கும்போது போனில் எடுக்கச் சொல்லுங்கள். முகமும் நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும், ஒரு சின்ன விளக்கு போதும். போர்வை கழுத்து வரை இருந்தால் எதுவும் தெரியாது. குறட்டை நின்று, அமைதியாகி, வயிறு மட்டும் ஏறி இறங்கி, அப்புறம் ஒரு செருமல் வந்தால், அந்த அமைதி எத்தனை விநாடி என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, ஒரே ராத்திரி இதைச் செய்தவர் அதற்குப் பிறகு "உனக்கு மனப்பிரமை" என்று சொல்லமாட்டார். தனியாக இருப்பவர்கள் போனைத் தலைமாட்டில் வைத்துச் சத்தத்தையாவது பதிவு செய்யலாம்.

இரண்டாவது, குறிப்பு. நாவல் வேண்டாம், ஒரு இரவுக்கு இரண்டு மூன்று வரி. இப்படி:

"12-ம் தேதி. 10.45-க்குப் படுத்தேன், 12.50-க்கு எழுந்தேன். மூச்சடைப்பு அரை நிமிடம். படபடப்பு 5 நிமிடம், நாடி 112, சீராக அடித்தது. மல்லாந்து படுத்திருந்தேன். இரவு 9.30-க்குப் பரோட்டா. தொண்டையில் புளிப்பு இல்லை. காலையில் தலைவலி."

இதில் எல்லாமே டாக்டருக்கு வேண்டியது. படுத்த எத்தனை நேரத்தில், எவ்வளவு நேரம் நீடித்தது, எது முதலில் வந்தது, எதனால் விட்டது. கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணிக்கையைவிட முக்கியம், சீராக அடிக்கிறதா, தாறுமாறாக அடிக்கிறதா என்பது. தாறுமாறு என்றாலோ, சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 150-க்கு மேல் போய் அதேபோல் திடீரென்று நின்றாலோ, அது இதயத்தின் தாளக் கோளாறாக இருக்கலாம். அப்போது கேட்க வேண்டிய சோதனை ஹோல்டர். 24 மணி நேரம், சில கருவிகளில் ஒன்றிரண்டு வாரம், ஈ.சி.ஜி.யை உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடமாடுவது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கும். அதை வைத்து ஒரு தவறான முடிவுக்குப் பலர் வருகிறார்கள். விழித்து, விளக்கைப் போட்டு, கருவியைத் தேடி விரலில் மாட்டினால் 97 காட்டும். "ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது, அப்போ எல்லாம் மனசுதான்." அப்படி இல்லை. நீங்கள் விழித்ததும் மூச்சு திரும்பிவிட்டது, ஆக்சிஜனும் ஏறிவிட்டது. இறங்கியது அதற்கு முன்னால், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது. விழித்துப் பல நிமிடம் ஆகியும் 90-க்குக் கீழேயே நின்றால் அது அவசரம். 97 என்றால் ஆப்னியா இல்லை என்று அர்த்தமில்லை, அவ்வளவுதான்.

பத்து நாள் குறிப்பு சேர்ந்ததும் டாக்டரிடம் போங்கள், முதலில் அதே டாக்டரிடமே. ஓ.பி.யில் அவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம்தான். அமெரிக்காவில் 1984-ல் வந்த ஒரு ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டார். நம் ஊர்க் கூட்டத்தில் அந்த 18 விநாடியே சொகுசு. அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போங்கள். "என்னமோ பண்ணுது டாக்டர், தூக்கமே இல்ல, ஒரே பயமா இருக்கு" என்று ஆரம்பித்தால் அவர் கை தானாக அதே மாத்திரைக்குப் போகும். "டாக்டர், தூக்கத்துல மூச்சு நின்னு எழுந்துக்கிறேன். குறட்டை இருக்கு, பிரஷர் இருக்கு, பகல்ல கண் சொருகுது. வீட்டுக்காரர் வீடியோ எடுத்திருக்கார், முப்பது விநாடிதான், பாருங்க" என்று சொல்லுங்கள். பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றில்லை, அதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். "கூகுள்ல பாத்தேன்" என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நியாயமோ இல்லையோ, அந்தச் சொல்லைக் கேட்டதும் பல டாக்டர்களுக்குக் காது மூடிக்கொள்கிறது.

அப்படியும் "கேஸ்தான்" என்றால் சண்டை வேண்டாம், மூன்று கேள்வி கேளுங்கள். கேஸ் இல்லை என்றால் அடுத்து என்னவாக இருக்கும்? இந்த மாத்திரையில் எத்தனை நாளில் குறைய வேண்டும், குறையாவிட்டால் என்ன செய்வோம்? எது வந்தால் நான் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்? நல்ல டாக்டர், அவசரத்தில் இருந்தாலும், முதல் கேள்வியில் நிமிர்ந்து பார்ப்பார். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது ஓர் உரிமையாகவே இருக்கிறது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. ஈ.சி.ஜி. காகிதம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் புது இடத்தில் மறுபடி அதே ஈ.சி.ஜி.யிலிருந்து ஆரம்பிப்பார்கள். உங்கள் அறிகுறிக்கு நெஞ்சக நோய் டாக்டரோ ஈ.என்.டி. டாக்டரோ பொருத்தம். பெரிய மருத்துவமனைகளில் தூக்க ஆய்வகம் பெரும்பாலும் இவர்கள் பொறுப்பிலோ நரம்பியல் பொறுப்பிலோ இருக்கும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்து நாளாகியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்வார்கள்.

ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது. தலையில், கண்ணோரம், தாடையில், காலில், நெஞ்சில் ஒயர்களை ஒட்டுவோம். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள், எண்ணெய் இருந்தால் ஒட்டியது நடு ராத்திரியில் கழன்று விழும், நான் வந்து உங்களை எழுப்ப வேண்டியிருக்கும். உங்கள் தலையணையைக் கொண்டுவரலாம். "இவ்வளவு ஒயரோட எப்படித் தூங்குறது" என்று கேட்காதவர் இல்லை, ஆனால் கணக்குப் பார்க்கத் தேவையான அளவு பெரும்பாலானவர்கள் தூங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சின்னக் கருவியும் உண்டு, செலவு குறைவு. அது மூளை அலையைப் பார்க்காது என்பதால் லேசான நோயைச் சில சமயம் தவறவிடும். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய எண், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. 5-லிருந்து 15 லேசானது, 15-லிருந்து 30 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. நடுத்தரமோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலும் சி-பேப் கருவி சொல்வார்கள். சிட்னியில் காலின் சலிவன் கண்டுபிடித்து 1981-ல் வெளியிட்டது, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டை மூடாமல் வைப்பது. முதல் வாரம் எல்லாரும் திட்டுவார்கள், மாஸ்க் அளவு சரியாக அமைந்துவிட்டால் திட்டுவது நிற்கும். ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். இரவு பேனிக்குக்கு மனநல மருத்துவரிடம் பேச்சு சிகிச்சையும் மருந்தும் நன்றாகவே வேலை செய்கின்றன. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இதெல்லாம் நடக்க வாரங்கள் ஆகும், அதுவரை ராத்திரி வரத்தானே செய்யும்? இன்றிலிருந்தே மல்லாந்து படுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய தலையணையை அணைகொடுத்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். ஆப்னியாவுக்கும் நல்லது, அமிலம் ஏறுவதற்கும் நல்லது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கும், வயிறு அழுந்தும், பலன் இல்லை. இரவுச் சாப்பாட்டைப் படுக்க மூன்று மணி நேரம் முன்னதாக முடியுங்கள்.

வந்துவிட்டால், எழுந்து காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள், விளக்கைப் போடுங்கள், மணி பாருங்கள். மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காதீர்கள், விடுவதில் வையுங்கள்: நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், நிஜமாகவே ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அது ஆபத்து. நாடி எண்ணுங்கள், குறிப்பை எழுதுங்கள். எண்ணுவதிலும் எழுதுவதிலும் பயம் பாதி வடிந்துவிடும், டாக்டருக்கும் ஒரு வரி சேரும். தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே கிடந்து மணி பார்க்காமல் வேறு அறையில் போய் உட்காருங்கள். "இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா" என்று நடு ராத்திரியில் முடிவெடுக்க முடியாது. மேலே சொன்ன அவசர அறிகுறிகளைப் பகலிலேயே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள், கணவரும் படிக்கட்டும். தாளில் உள்ளது வந்தால் கிளம்புவது, இல்லாவிட்டால் உட்கார்ந்து குறிப்பு எழுதுவது என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கதவுச் சாவி, மருந்துப் பட்டியல், ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒருவரின் எண், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அந்தத் தூக்க மாத்திரை பற்றி. பெயரை நீங்கள் எழுதவில்லை. அல்பிரசோலம், குளோனசிபாம் வகை என்றால், அவை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். ஆப்னியா இருப்பவருக்கு மூச்சு நிற்பதும் கூடும், நின்றபிறகு மூளை விழித்துக்கொள்வதும் தாமதமாகும். மதுவும் இதையேதான் செய்யும். எனவே அடுத்த சந்திப்பில் "எனக்கு ஆப்னியா இருக்கலாம் என்றால் இந்த மாத்திரை பாதுகாப்பா?" என்று கேளுங்கள், அதற்காகப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போனில் கேட்கலாம். ஓரிரு நாள்தான் எடுத்திருக்கிறீர்கள் என்றால் நிறுத்துவது பெரும்பாலும் சிக்கலில்லை. வாரக்கணக்கில் தினமும் எடுத்திருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், நடுக்கமும் தூக்கமின்மையும் சிலருக்கு வலிப்பும் வரும். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.